பதினான்காம் நேர்காணல்

அத்தியாயம் 12

குருநகரிலிருந்து திரும்பி நான்கு நாட்களாகியும் உதயகலா அங்கே எடுத்த நேர்காணலின் ஒலிப்பதிவைத் திறந்து கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் செய்த காரியத்தை வீட்டில் இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. அன்று அவளுடைய மாமனார் தம்பிராசாவின் ஆட்டைத் திவசம், இறந்து ஒரு வருடம். ஒன்பதரைக்கு ஐயர் வருவதாக ஏற்பாடு. "அந்த மனிசிக்கு வேறை நாள் வசதியில்லையாம். ஏழரைக்குப் போனால் ஒன்பது மணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனவள், கிரியை முடிந்து, பந்தி முடிந்து, வந்த சனம் கை கழுவிய பிறகுதான் அரியாலைக்குத் திரும்பினாள். மூத்த மருமகள் இல்லாமலே எல்லாம் நடந்தது.

கணவர் குகதாசன் சனத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் பிந்தினாள் என்று அவர் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. குருநகர்க் கடற்கரை ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மூன்று மணித்தியாலம் சும்மா நின்றாள் என்பதை எப்படிச் சொல்வது?

இருபது வருடம் ஆஸ்பத்திரிகளில் தாதியாக, சனத்தின் வாயில் 'மிஸி'யாக, வேலை செய்து, பிறகு தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பிக்க வந்தவள் உதயகலா. நாற்பது வயதில், ஊரில் பெண்கள் பிள்ளைகளுக்குச் சாதகம் பார்க்கத் தொடங்கும் நேரத்தில், தாதியியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தாள். இது ஐந்தாவது வருடம். சாகக் கிடக்கிற நோயாளியின் உறவினருக்கு அந்தக் கடைசி மணித்தியாலங்களில் தாதிமார் என்ன சொன்னார்கள், அந்தச் சொல் அவர்களோடு எத்தனை வருடம் இருந்தது என்பதுதான் அவளுடைய ஆய்வு. பதினெட்டுப் பேரைக் காண வேண்டும். குருநகர் பெர்னடெட் பதினான்காவது ஆள்.

புதன்கிழமை காலை குகதாசன் வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். போகும்போது "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும் சத்தம்தான் கேட்டது.

பத்து மணிக்குப் பேராசிரியரோடு ஸூமில் கதைக்க வேண்டும். உதயகலா லீவு போட்டிருந்தாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது மகள் வினோஜா கையில் நாலைந்து தாள்களோடு வந்தாள்.

வினோஜாவுக்கு இருபத்தொரு வயது. கம்பஸுக்கு எடுபட்டு, தொடங்கும் திகதிக்காகக் காத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் தாயின் நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்குவது அவளுடைய வேலை. ஒருவருக்கும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"பதினாலாவதை ரைப் பண்ணி முடிச்சிட்டன் அம்மா."

உதயகலா கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அதை நான் உனக்குத் தரேல்லையே."

"நீங்கள் தரத் தேவையில்லை. உங்கடை போனிலை எடுக்கிறது எல்லாம் தானாய் என்ரை லப்ரொப்புக்கு வருது. நீங்கள்தானே அப்பிடிச் செய்து விடச் சொன்னனீங்கள்."

"சரி. வை உதிலை."

வினோஜா வைக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"மற்றப் பதின்மூண்டிலையும் நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பீங்கள். 'அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்தது', 'பேந்து என்ன நடந்தது' எண்டு. இதிலை முப்பத்தோராவது நிமிசத்துக்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. நாப்பது செக்கன் ஒரு சத்தமும் இல்லை. பேந்து அந்த அம்மா கேக்கிறா, 'மிஸ், தண்ணி வேணுமோ' எண்டு." வினோஜா தாயைப் பார்த்தாள். "செத்தது அவவின்ரை மனிசன். தண்ணி கேட்டது உங்களுக்கு."

உதயகலா சீனிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டது. இன்னும் திருகினாள்.

"அவ சொல்லுற அந்த மிஸி நீங்களோ?"

"ஓம்."

கேட்டுவிட்டாளே தவிர, வினோஜா இந்தப் பதிலுக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. இல்லை என்று தாய் சொல்லிவிடுவாள் என்றே நம்பியிருந்தாள். தாள்களை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து இருந்தாள்.

மேல் தாளில் பெர்னடெட்டின் சொற்கள் அப்படியே கிடந்தன. உதயகலா நின்றபடியே வாசித்தாள்.

*அண்டைக்கு மத்தியானம் மீன் சூப் வைச்சுக்கொண்டு போனனான். அவர் கண்ணைத் திறந்து பாத்தவர். ஒரு மணிக்கு, பாக்க வந்த சனத்தை அனுப்புற மணி அடிச்சாப் பிறகும் நான் எழும்பேல்லை. அப்ப ஒரு மிஸி வந்தா. சின்னப் பிள்ளை, நல்ல அன்பாக் கதைச்சவ. 'அக்கா, அவர் நித்திரை கொள்ளட்டும், நீங்கள் போட்டு நாலு மணிக்கு வாங்கோ, ஒண்டும் ஆகாது' எண்டா. 'சூப்பை நான் பருக்கி விடுறன்' எண்டு பிளாஸ்கையும் வாங்கி வைச்சா. நான் போட்டன். நாலு மணிக்கு வந்து பாத்தால் கட்டில் வெறுமையாக் கிடக்குது. மெத்தையைக் கழுவிச் சாத்தி வைச்சிருந்தினம். ரண்டு இருபதுக்கு முடிஞ்சுதாம்.*

அதற்குக் கீழே இன்னும் நாலு வரி.

*அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை மிஸ். அதுக்குத் தெரிஞ்சிருக்காது. முகமும் ஞாபகம் இல்லை, வெள்ளைச் சட்டைதான் ஞாபகம். பொஞ்சாதி எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும். நான்தானே எழும்பிப் போனனான். என்ரை மகளுக்கு அப்ப பதினொரு வயசு. 'அப்பாவைத் தனிய விட்டிட்டு ஏன் வந்தனி' எண்டு கேட்டவள். இண்டைக்கும் அவளுக்கு என்னிலை உள்ள கோவம் உதுதான்.*

"அம்மா," என்றாள் வினோஜா, "அவர் சாகப்போறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப?"

"காலமை பத்து மணிக்கே தெரியும். மூச்சு இழுத்த விதம் வேறை. காலிலை நீலம் ஏறத் தொடங்கீட்டுது. அவராலை ஒரு கரண்டி தண்ணி விழுங்க ஏலாது. சூப் பருக்கிறன் எண்டு சொன்னனே, அதுவும் பொய்தான்."

"பேந்து ஏன் அவவைப் போகச் சொன்னனீங்கள்?"

உதயகலா யன்னல் பக்கமாகத் திரும்பினாள். பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் இறைக்கும் மோட்டரைப் போட்டார்கள்.

"சண்டையாலை பாதை பூட்டிக் கிடந்த காலம் பிள்ளை. மருந்தில்லை. முப்பத்தாறு பேருக்கு நாங்கள் ரண்டு பேர். அந்தக் கிழமை மட்டும் மூண்டு சாவு அந்த வாட்டிலை. ஒவ்வொருக்காலும் பெண்சாதி விழுந்து குளறுவா, மற்ற நோயாளியள் எல்லாம் எழும்பி இருந்து அழுவினம். எனக்கு இன்னொண்டு வேண்டாம் எண்டு இருந்தது. அவவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை. இருபத்தேழு வயசு. சொல்லுறதை விட அனுப்புறது சுகமாய் இருந்தது."

வினோஜா தாள்களின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"அதாலைதானோ நீங்கள் உந்தத் தலைப்பை எடுத்தனீங்கள்? உது மனசிலை கிடந்ததாலையோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மகள் நம்பியிருப்பாள். தாயைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமைகூட வந்திருக்கும்.

"இல்லை," என்றாள் உதயகலா. "நான் மறந்துபோனன். அவவை வழியனுப்பிப் போட்டு அடுத்த கட்டிலுக்குப் போனனான், அதோடை சரி. சனிக்கிழமை அவ அந்த சூப்பைப் பற்றிச் சொல்லுமட்டும் எனக்கு அப்பிடி ஒருத்தர் ஞாபகத்திலையே இல்லை. அவ பதினெட்டு வருசமாய் ஒரு நாளும் மறக்கேல்லை. நான் ஒரு நாளும் நினைக்கேல்லை. அதுதான்..."

வினோஜா எழுந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அம்மா, இந்தக் கோப்பு என்னட்டையும் உங்களிட்டையும்தான் இருக்கு. அழிச்சு விடட்டோ? பதிவாகேல்லை எண்டு சொல்லலாம். அந்த அம்மாவுக்கும் உங்களைத் தெரியாது. இன்னும் ஒரு ஆளைப் பிடிச்சால் கணக்குச் சரி."

வேண்டாம் என்று உதயகலா உடனே சொல்லவில்லை. அதைப் பிறகு பலமுறை நினைத்து வெட்கப்பட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தப் பதினைந்தில் குறைந்தது ஐந்து நிமிடம் அவள் யோசித்தாள். ஐந்து வருடப் படிப்பு. விடிய நாலு மணிக்கு எழும்பி வாசித்த கட்டுரைகள். 'இந்த வயசிலை உமக்கேன் இந்த வேலை' என்று கேட்ட வாய்கள்.

"வேண்டாம்," என்றாள் கடைசியில். "வை."

பேராசிரியர் ஸ்ரெல்லா செல்வரட்ணம் திரையில் வந்ததும் வழக்கம்போல் நேரடியாக விடயத்துக்கு வந்தார். அவர் தென்பகுதியில் உள்ள பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் பிறந்தது இளவாலையில்.

"பதின்மூண்டு வரைக்கும் பாத்திட்டன், உதயகலா. நல்லாய் வந்திருக்கு. பதினாலாவது எங்கை?"

உதயகலா சொன்னாள். சுற்றி வளைக்காமல், தன் வேலையை மாணவிகளுக்கு விளக்குவதுபோல் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"படிவத்திலை ஆய்வாளருக்கும் அவவுக்கும் முன் அறிமுகம் இல்லை எண்டு அடையாளம் போட்டிருக்கிறீர்."

"அப்ப எனக்குத் தெரியாது, மடம்."

"அதை நான் நம்புறன். ஒழுக்கநெறிக் குழு நம்புமோ எண்டது வேறை கதை. வெள்ளிக்கிழமைக்கு முதல் எல்லாத்தையும் எழுத்திலை தாரும். மற்றப் பதின்மூண்டு பேரும் எந்த வாட்டிலை, எந்த வருசம் எண்டு சரிபாக்க வேண்டி வரும். அவையிலை வேறை ஆரையும் நீர் இப்பிடி வீட்டை அனுப்பினனீரோ எண்டு ஆர் கண்டது?"

அதை உதயகலா இதுவரை யோசித்திருக்கவில்லை.

"அப்ப ஆய்வை மார்கழியிலை ஒப்படைக்க ஏலாது, இல்லையோ மடம்?"

"ஏலாது. போன முறை தந்த நீடிப்புத்தான் கடைசி எண்டு கடிதத்திலை போட்டிருக்கினம். நான் கேட்டுப் பாக்கிறன். தருவினம் எண்டு சொல்ல மாட்டன். விதிப்படி பாத்தால் பதிவு ரத்தாகலாம்." பேராசிரியரின் குரலில் கோபமும் களைப்பும் கலந்திருந்தன. "ஐஞ்சு வருசம் உம்மோடை நானும்தான் இழுபட்டனான்."

"தெரியும், மடம்." உதயகலா தயங்கினாள். "இண்டைக்குப் பின்னேரம் நான் அவவிட்டைப் போகலாமெண்டு நினைக்கிறன்."

"குழு கூடி முடிவெடுக்கும் வரைக்கும் அவவைத் தொடர்பு கொள்ள வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்."

"அவ தன்ரை பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அந்த மிஸிக்குத் தெரிஞ்சிருக்காது எண்டு நினைக்கிறா. குழு கூட ரண்டு மாதம் செல்லும், மடம்."

பேராசிரியர் கையில் இருந்த கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இதை நீர் என்னட்டைச் சொன்னதாய் நான் எங்கையும் எழுதப் போறேல்லை," என்றார் பேராசிரியர். "ஆனால் போகச் சொல்லவும் மாட்டன். அது உம்மடை முடிவு. அதாலை வாறதும் உமக்குத்தான்."

திரை இருண்டது.

குகதாசன் இரண்டேகாலுக்கு வந்தார். கை கால் கழுவி, சாப்பாட்டு மேசையில் இருந்தார். உதயகலா சோற்றைப் போட்டாள், கறியை வைத்தாள், எதிர்க் கதிரையில் இருந்தாள். நான்கு நாட்களாக அவள் அப்படி எதிரில் இருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கிழமை ஏன் பிந்தினனான் எண்டு சொல்ல வேணும்."

அவர் சாப்பிட்டபடியே கேட்டார். பாதிக் கதையில் சோறு பிசைந்த கை நின்றுவிட்டது. கணித ஆசிரியர். எதையும் ஒருமுறை மனதுக்குள் சரிபார்க்காமல் வாய் திறக்காத மனிதர். அவள் முடித்த பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அவர் திவசத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று உதயகலா நினைத்தாள்.

"அப்பா மோசம் போன அண்டைக்கு," என்றார் குகதாசன், "எனக்குச் சோதனை மேற்பார்வை இருந்தது. நான் லீவு போடட்டோ எண்டு உம்மட்டைக் கேட்டனான்."

உதயகலா கறிச் சட்டியைக் கொஞ்சம் அப்பால் நகர்த்தினாள்.

"நீர் சொன்னனீர், 'நீங்கள் போட்டு வாங்கோ, நான் பாக்கிறன்' எண்டு. நான் வட்டுக்கோட்டை போய்ச் சேர முதல் போன் வந்திட்டுது." அவர் இன்னும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்குக் காலமை உமக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

இந்த முறை அவள் மறந்திருக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருந்தது. மாமா மூச்சுக்குத் திணறுவதை இவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். இவர் தாங்க மாட்டார் என்று நினைத்தாள். எவ்வளவு அன்போடு நினைத்தாள். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கை மகனுடையதாக இருந்திருக்க வேண்டும்.

"தெரியும்," என்றாள். "நீங்கள் பாக்கக் கூடாதெண்டு..."

"விளங்குது."

"நான் உங்களுக்காகத்தான்..."

"விளங்குது எண்டு சொன்னனெல்லோ." குரல் உயரவில்லை. "அப்பா ஏதும் சொன்னவரோ? கடைசியாய்?"

"சொன்னவர்."

"என்ன?"

உதயகலா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி. பெர்னடெட் மூன்றரைக்குச் செப வழிபாட்டுக்குப் போய்விடுவார் என்று சொல்லியிருந்தார். அதற்குள் போக வேண்டும். மாமா சொன்னதை எழுந்து நின்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

"போட்டு வந்து சொல்லுறனப்பா."

சொன்ன பிறகுதான், அன்றைக்கு அவரை அனுப்பிய அதே சொல் மறுபடி தன் வாயில் வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

குகதாசன் எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அங்கிருந்தே சொன்னார்: "நேரம் போகுது. வெளிக்கிடும்."

குருநகரில் அந்த ஒழுங்கையின் கடைசி வீடு பெர்னடெட்டுடையது. வாசலில் ஒரு செவ்வரத்தைச் செடி, உள்ளே மாதா படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு. பெர்னடெட் வழிபாட்டுக்குப் போக வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தாறு வயதுக்கு மெலிந்த உடம்பு.

"என்ன மிஸ், பேந்தும் கேள்வி இருக்கோ? இருங்கோ. சோடா எடுக்கட்டே?"

"வேண்டாம் அக்கா. நீங்களும் இருங்கோ."

வழியெல்லாம் அவள் சொற்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்து வருடமாக இந்தச் சொற்களைப் பற்றித்தானே படிக்கிறாள். துயரச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மாணவிகளுக்கு ஆறு படி எழுதிக் காட்டியிருக்கிறாள். அதில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை.

"சனிக்கிழமை நீங்கள் சொன்ன அந்த மிஸி நான்தான் அக்கா. உங்களைப் போகச் சொன்னது நான். அப்ப எனக்கே தெரியாது உங்களிட்டைத்தான் வந்திருக்கிறன் எண்டு. நீங்கள் சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்தது."

பெர்னடெட் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தேடினார். கண்ணிலிருந்து நாடிக்கு, நாடியிலிருந்து கண்ணுக்கு. ஒன்றும் அகப்படவில்லை போலிருந்தது.

"அவருக்கு முடியப் போகுதெண்டு எனக்குத் தெரியும். காலமையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒண்டும் ஆகாது எண்டு சொன்னனான். நீங்கள் எழும்பிப் போனது உங்கடை பிழை இல்லை. நான் பொய் சொன்னனான், நீங்கள் நம்பினனீங்கள். இதை உங்களுக்குச் சொல்ல வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

ஒழுங்கையில் மீன் வண்டில் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது. பெர்னடெட் மடியில் இருந்த செபமாலையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"அவர் என்னைக் கேட்டவரோ?"

இதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. இல்லை அக்கா, நித்திரையிலையே போனவர். எத்தனை பேருக்கு அவள் அதைச் சொல்லியிருப்பாள். எத்தனை பேர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"எனக்குத் தெரியாது அக்கா. நான் பக்கத்திலை இருக்கேல்லை. ரண்டு மணி போலை ஊசித் தட்டோடை அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனனான். அவர் வாயைத் திறந்து என்னவோ சொன்னவர். எனக்குக் கேக்கேல்லை. 'வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனன். திரும்பி வரேக்கை முடிஞ்சுது."

பெர்னடெட் அழவில்லை. உதயகலா அழுகைக்கு ஆயத்தமாக வந்திருந்தாள், ஏச்சுக்கும் ஆயத்தமாக வந்திருந்தாள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பெர்னடெட் எழும்பவில்லை. பிறகு கையை நீட்டிப் போனை எடுத்தார்.

"ஜெசி, நான்தான். ஒருக்கா வீட்டை வா. இல்லை, எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. வாவன்."

மகள் ஜெசிதா பாசையூரில் கலியாணம் முடித்திருக்கிறாள். திருநாள் பெருநாளுக்கு மட்டும் தாய் வீட்டுக்கு வருகிறவள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, "ஆர் இவ?" என்று கேட்டாள்.

"வந்து இரு," என்றார் பெர்னடெட். பிறகு உதயகலாவின் பக்கம் திரும்பினார். இதுவரை 'மிஸ்' என்றும் 'நீங்கள்' என்றும் சொன்ன வாய் இப்போது அப்படிச் சொல்லவில்லை. "எனக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லும். ஒண்டும் குறைக்காதையும்."

உதயகலா சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுகமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. முதல் முறை தன்னுடைய பிழையைச் சொன்னாள். இம்முறை, எதிரே தலைக்கவசத்தை மடியில் வைத்திருக்கும் பெண்ணில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜெசிதா கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் உதயகலாவைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தாள்.

"நான் இவ்வளவு காலமும் உன்னைக் கேட்ட கேள்விக்கு நீ ஏன் ஒரு மறுமொழியும் சொல்லேல்லை? ஒரு மிஸிதான் போகச் சொன்னது எண்டு சொல்லியிருக்கலாமே."

"போனது நான்தானே," என்றார் பெர்னடெட்.

ஜெசிதாவின் முகம் ஒரு கணம் கோணியது. அவள் எழுந்து போய்த் தாயின் கதிரைக்குப் பின்னால் நின்று, அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தாயின் தோளைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. அந்தச் சாணை அவள் கடக்கவில்லை.

"நீங்கள் உதை ஒரு படிப்புக்குத்தானே பதிஞ்சனீங்கள்?" என்றாள் உதயகலாவிடம். "இப்ப எங்கடை அப்பாவும் உங்கடை புத்தகத்திலை வருவார், என்ன?"

"வரமாட்டார். நீங்கள் வேண்டாமெண்டால் எல்லாத்தையும் அழிக்கலாம்."

"அழிக்கவோ? ஏன், ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கவோ?" ஜெசிதா கதிரைச் சட்டத்தை விட்டு நிமிர்ந்தாள். "நான் உங்கடை பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போறன். நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு அவைக்கும் தெரியட்டும். ஆருக்கு எழுத வேணும்?"

சனிக்கிழமை தான் கொடுத்துவிட்டுப் போன தகவல் தாள் மாதா படத்துக்குக் கீழே, ஒரு செபப் புத்தகத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை உதயகலா கண்டாள். எழுந்து போய் அதை எடுத்தாள். பதினான்கு வீடுகளில் பதினான்கு தடவை அவள் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறாள். ஒருவரும் கடைசிப் பந்தியை வாசித்ததில்லை.

அதை விரித்து ஜெசிதாவின் கையில் கொடுத்தாள்.

"இஞ்சை இருக்கு. முறைப்பாடு இருந்தால் ஆருக்கு எழுத வேணும் எண்டு கீழை போட்டிருக்கு," என்றாள். "என்ரை முழுப் பேரும் மேலை இருக்கு."